ஸ்கை தீவு: சனி முதல் சனி வரை ஒரு கடலோர வீட்டில்

முதல் நாள், சனி

ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் சமையலறையோடு கூடிய வாடகை வீடுகள் கோடையில் பெரும்பாலும் சனி முதல் சனி வரை என்றுதான் கிடைக்கும். மாலை நான்கு மணிவாக்கில் சாவி கைக்கு வரும். அடுத்த சனி காலை பத்து மணிக்குள் காலி செய்துவிட வேண்டும். ஹோட்டல் மாதிரி நினைத்துக்கொண்டு வந்தால் இரண்டாம் நாளே எரிச்சல் வரும். கூப்பிட்டால் ஓடிவர ஆள் கிடையாது. தண்ணீர், வெந்நீர், சூடு, சாப்பாடு, குப்பை எல்லாம் நம் பாடு. ஒரு வாரக் குடித்தனம் என்று எடுத்துக்கொண்டால் சுகமாகப் போகும்.

இந்தக் குறிப்புகள் வடகிழக்கே ட்ராட்டர்னிஷ் தீபகற்பத்தில், ஸ்டாஃபின் கடலோரத்தில் வீடு எடுப்பவர்களுக்கு. நிறையப் பேர் தீவின் பெரிய ஊரான போர்ட்ரீக்குள்ளேயே வீடு தேடுவார்கள். கடை பக்கம் என்பதைத் தவிர அதில் பெரிய லாபம் இல்லை. ஸ்டாஃபினிலிருந்து ஸ்டோர் கற்தூண், க்விராங் மலைச்சரிவு, கில்ட் ராக் பாறைச் சுவர் எல்லாம் அரை மணிக்குள். மேற்கே நீஸ்ட் பாயின்ட் மட்டும் தூரம். ஒன்றே முக்கால் மணி நேரம் பிடிக்கும்.

புக் செய்யும்போதே ஒன்றைக் கவனியுங்கள். ஸ்காட்லாந்தில் குறுகிய கால வாடகை வீட்டுக்கு 2022-இல் வந்த உத்தரவின்படி உள்ளாட்சியின் உரிமம் வேண்டும். விளம்பரத்திலேயே உரிம எண்ணும், வீடு எவ்வளவு சக்தி தின்னும் என்று காட்டும் ஆற்றல் தர எழுத்தும் இருக்க வேண்டும். உரிமத்தில் அதிகபட்சம் எத்தனை பேர் தங்கலாம் என்ற எண் உண்டு. 'ஆறு பேர்தான் கணக்கு, சித்தியும் சித்தப்பாவும் ஹாலில் படுத்துக்கொள்வார்கள்' என்ற நம் வழக்கம் இங்கே செல்லாது. தீப் பாதுகாப்பு ஏற்பாடு அந்த எண்ணை வைத்துத்தான் செய்யப்படுகிறது. செப்டிக் டேங்கும் கூடுதல் ஆளைத் தாங்காது. அந்தக் கதை வெள்ளிக்கிழமை வரும்.

தர எழுத்தையும் சும்மா தாண்டிப் போகாதீர்கள். ஈ, எஃப் என்றிருந்தால் பழைய கல் வீடு, குளிர் உள்ளே இறங்கும் என்று பொருள். ஜூனில் பரவாயில்லை. ஏப்ரலில் குழந்தைகளோடு என்றால் யோசிக்க வேண்டும்.

இன்வெர்னஸிலிருந்து போர்ட்ரீ ஏறக்குறைய 115 மைல். லாக் நெஸ் ஏரியை ஒட்டி ஏ82 சாலையில் போய், இன்வர்மோரிஸ்டனில் வலப்பக்கம் ஏ887-இல் திரும்பினால் அது ஏ87-இல் சேரும். பிறகு தீவு வரை அதே சாலைதான். மேப் மூன்று மணி நேரத்துக்குள் என்று சொல்லும். குழந்தைகள் இருந்தால் ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் டோர்னியில் எய்லியன் டோனன் கோட்டையைப் பார்த்து நிறுத்தாமல் எந்தக் குடும்பமும் போனதில்லை. தீவுக்குப் பாலம் 1995-இல் திறந்தது. சுங்கக் கட்டணத்தை 2004 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள், இப்போது இலவசம்.

மளிகையை இன்வெர்னஸிலேயே வாங்கிவிடுங்கள். பருப்பும் மசாலாவும் கிளாஸ்கோ, எடின்பரோவிலிருந்தே வரட்டும். தீவில் போர்ட்ரீயிலும் பிராட்ஃபோர்டிலும் கோ-ஆப் கடை உண்டு. ஆனால் சனி மாலை தீவுக்குள் வரும் எல்லாக் கார்களும் பிராட்ஃபோர்டில் நிற்கும், பால், பிரெட் அலமாரி காலியாக இருப்பதும் உண்டு. நான்கு பேருக்கு ஒரு வாரத்துக்கு, நாளுக்கு ஒரு வேளைச் சோறு என்று வைத்தால்: அரிசி 3 கிலோ, துவரம்பருப்பு முக்கால் கிலோ, எண்ணெய் ஒரு லிட்டர், வெங்காயம் 3 கிலோ, தக்காளி இரண்டு கிலோ, உருளைக்கிழங்கு இரண்டு கிலோ. தயிர் மட்டும் ஒன்றரை மடங்கு வாங்குங்கள். குளிர் ஊரில் தயிர் உறைய ஒரு நாளுக்கு மேல் ஆகும். ஊரிலிருந்து நேராக வருபவர்கள் நெய், பால்கோவா, இறைச்சி எதையும் பெட்டியில் வைக்கக் கூடாது. பால், இறைச்சிப் பொருள்களைக் கொண்டுவர பிரிட்டனில் தடை. விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள்.

ஸ்டாஃபின் கடலோரத்தில் வீட்டை நெருங்க நெருங்க சாலை ஒற்றைக் கார் அகலத்துக்கு வந்துவிடும். இந்தியா, இலங்கை போலவே இடப்பக்கம் ஓட்டுவதால் பாதிப் பயம் குறைவு. மீதிப் பாதிக்கு ஒரே விதி: ஒதுங்குமிடம் உங்கள் இடப்பக்கம் இருந்தால் அதில் ஏறி நில்லுங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேரே சாலையிலேயே நின்றுவிடுங்கள், எதிரே வருபவர் அதில் நுழைந்து சுற்றிப்போவார். குறுக்கே பாய்ந்து வலப்பக்க இடத்தில் நுழைவதுதான் புதியவர்கள் செய்யும் தப்பு. பின்னால் உள்ளூர்க்காரர் வண்டி ஒட்டிக்கொண்டு வந்தாலும் அதே ஒதுங்குமிடத்தில் நின்று முன்னே விடுங்கள். அங்கே காரை விட்டுவிட்டுப் போட்டோ எடுக்கப் போவது மட்டும் கூடவே கூடாது. புல் ஓரத்தில் சக்கரத்தை இறக்காதீர்கள். புல்லுக்கு அடியில் தார் விளிம்பு கத்தி மாதிரி நிற்கும், டயரின் பக்கச்சுவர் கிழியும். வாடகைக் கார் காப்பீடு பல நேரம் டயரைச் சேர்க்காது.

சாவி வாங்கியதும் வெந்நீர் எப்படி வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் ஒரு அலமாரிக்குள் 150 முதல் 200 லிட்டர் வெந்நீர்த் தொட்டி நிற்கும். நான்கு பேர் வரிசையாகக் குளித்தால் நான்காவது ஆளுக்குப் பச்சைத் தண்ணீர்தான். குழந்தைகள் இரவில், பெரியவர்கள் காலையில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். அந்த அலமாரியை மனதில் வையுங்கள், செவ்வாய்க்கிழமை அதற்கு வேறு வேலை இருக்கிறது.

இரண்டாம் நாள், ஞாயிறு

குழாய்த் தண்ணீர் வெளிர் டீ நிறத்தில் வந்தால் பயப்பட வேண்டாம். ஊருக்கு வெளியே பல வீடுகளுக்கு நீரோடையிலிருந்தோ ஊற்றிலிருந்தோ சொந்த இணைப்பு. மட்கிய கரிமண் வழியே வருவதால் அந்த நிறம். வடிகட்டியும் புற ஊதா விளக்கும் தாண்டித்தான் குழாய்க்கு வரும். வாடகை வீடு என்பதால் உள்ளாட்சி அதை ஆண்டுக்கு ஒருமுறையாவது சோதிக்கும். இதில் ஒரு நுணுக்கம்: கிருமியைக் கொல்வது அந்த விளக்கு. கரன்ட் போனால் விளக்கும் போகும், ஆனால் மேட்டிலிருந்து வரும் தண்ணீர் தொடர்ந்து வந்துகொண்டேயிருக்கும். கரன்ட் போன வேளையில் பிடித்த தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும். விளக்குப் பெட்டியில் சிவப்பு எரிந்தாலோ பீப் சத்தம் கேட்டாலோ அதே கதை; வீட்டுக்காரருக்குச் சொல்லுங்கள். மின்தடைக்கு பிரிட்டன் முழுக்க ஒரே எண், 105.

ஞாயிறு வடக்கு ஸ்கையில் ஓய்வு நாள். கிறிஸ்தவ ஓய்வுநாள் மரபு இன்னும் பலமாக இருப்பதால் சின்னக் கடைகள் பல பூட்டியிருக்கும். கடைக்குப் போகாத நாளாகவே திட்டமிடுங்கள். கடலுக்குப் போகலாம்.

ஸ்டாஃபினில் அன் கோரன் கடற்கரை. கடல் வற்றியிருக்கும்போது பாறைத் தட்டில் டைனோசர் காலடித் தடங்கள் தெரியும். ஜுராசிக் காலத்தின் நடுப்பகுதி, 16 கோடி ஆண்டுக்கு மேல் பழையவை. மூன்று விரல் தடம், பெரியவை அரை மீட்டர் வரும். இங்கே வந்தும் பார்க்காமல் திரும்புபவர்கள்தான் அதிகம், காரணங்கள் இரண்டு. ஒன்று, கோடையில் மணல் ஏறித் தட்டை மூடிவிடும். குளிர்காலப் புயல் மணலை வாரிக்கொண்டு போன பிறகுதான் நன்றாகத் தெரியும். ஏப்ரலில் வருபவர்களுக்கு யோகம். இரண்டு, நேரம் தப்பு.

நேரத்துக்கு நம்மிடமே ஒரு கருவி இருக்கிறது: தினசரிக் காலண்டர். அமாவாசையும் பௌர்ணமியும் கழிந்த ஒன்றிரண்டு நாளில் கடல் மிக அதிகமாக ஏறி, மிக அதிகமாக வற்றும். அந்த நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றலுக்கும் இடையே இந்தக் கரையில் நான்கு, ஐந்து மீட்டர் உயர வித்தியாசம் இருக்கும். மாமல்லபுரத்தில் ஒரு மீட்டர் ஏறி இறங்குவதைப் பார்த்த கண்ணுக்கு இது வேறு கடல். இன்னும் ஒரு வசதி, ஸ்கையின் இந்தப் பக்கம் அந்தப் பெரிய வற்றல் பகலில் ஒரு மணி, இரண்டு மணியை ஒட்டி விழும். அட்டவணையை இணையத்தில் போர்ட்ரீ பெயரில் பாருங்கள். பிரிட்டிஷ் கோடை நேரம் சேர்த்துப் போட்டிருக்கிறார்களா என்று கட்டாயம் பாருங்கள், சில அட்டவணைகளில் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். இன்று ஒரு மணிக்கு வற்றினால் நாளை ஒன்று ஐம்பதுக்கு, நாளை மறுநாள் இரண்டு நாற்பதுக்கு. அதனால் வாரத்தின் கடற்கரை நாள்களை முதல் பாதியில் வைப்பதா, பின்பாதியில் வைப்பதா என்பதை வீடு புக் செய்யும்போதே காலண்டரைப் பார்த்து முடிவு செய்யலாம்.

வற்றும் நேரத்துக்கு ஒரு மணி முன்பே போய், தண்ணீர் திரும்ப ஆரம்பித்ததும் கிளம்பிவிடுங்கள். கருப்புப் பாறையில் ஒட்டிய கடற்பாசி சோப்பு போட்ட மாதிரி வழுக்கும். பாசியில்லாத வெளிர் பாறையிலோ மணலிலோ கால் வையுங்கள். ஒரு குப்பித் தண்ணீர் கொண்டுபோய்த் தடத்தில் ஊற்றினால் பள்ளம் பளிச்சென்று தெரியும், போட்டோவும் நன்றாக வரும். தடத்தில் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுப்பதும், புதைபடிவத்தைப் பெயர்த்து எடுப்பதும் குற்றம். 2019-இல் இந்த இடங்களுக்குத் தனிப் பாதுகாப்பு உத்தரவே போட்டிருக்கிறார்கள்.

குளிக்க நினைப்பவர்களுக்கு: கோடை உச்சத்திலும் கடல் நீர் 14 டிகிரிக்குப் பக்கம்தான். திடீரென்று இறங்கினால் மூச்சு இழுத்துக்கொண்டு வாயில் தண்ணீர் போகும். அப்படி ஆனால் நீந்தப் பார்க்காமல் மல்லாந்து மித, ஒரு நிமிடத்தில் மூச்சு அடங்கும். இதைக் குழந்தைகளுக்குக் கரையிலேயே சொல்லிக்கொடுங்கள். கடலில் ஆபத்து என்றால் 999 அழைத்து கோஸ்ட்கார்டு (கடலோரக் காவல்) என்று கேட்க வேண்டும்.

மூன்றாம் நாள், திங்கள்

ஓல்ட் மேன் ஆஃப் ஸ்டோர். கிட்டத்தட்ட 50 மீட்டர் உயரத்துக்குத் தனியே நிற்கும் கற்தூண். ஏறி இறங்க ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், கட்டண பார்க்கிங். காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் இடம் தேடுவதே வேலையாகிவிடும். ஸ்டாஃபினில் வீடு எடுத்ததன் பலன் இங்கேதான். கூட்டம் தெற்கே போர்ட்ரீயிலிருந்து வரும், நாம் வடக்கேயிருந்து முதலில் போய்ச் சேர்ந்துவிடலாம். தூணின் அடிவாரம் சரளை, செருப்பு போதாது.

திரும்பும் வழியில் கில்ட் ராக். பாறைச் சுவரில் எரிமலைக் குழம்பு ஆறி இறுகிய தூண்கள் பாவாடை மடிப்புப் போல வரிசையாக நிற்கும். பக்கத்திலேயே மீல்ட் அருவி நேராகக் கடலில் விழும். கால் மணி நேரம் போதும்.

வீடு திரும்பியதும் ஐந்து நிமிடம் உண்ணி சோதனை. ஆடும் மானும் திரியும் புல்லில் உண்ணி உண்டு, லைம் நோயைப் பரப்பக்கூடியது. முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், குழந்தைகளுக்கு மயிர்க்கோடும் காதுக்குப் பின்புறமும். கறுப்பு எள் அளவுதான் இருக்கும். நுனி மெலிந்த இடுக்கியால் தோலோடு ஒட்டப் பிடித்து, நசுக்காமல் நிதானமாக நேரே இழுங்கள். எண்ணெய் தடவுவது, சூடு வைப்பது எல்லாம் வேண்டாம். அதன் வயிற்றில் இருப்பதை உள்ளே கக்கவைக்கும். அடுத்த சில வாரத்தில் கடித்த இடத்தைச் சுற்றி வட்டமாகச் சிவந்து பரவினால் டாக்டரிடம் காட்டுங்கள், ஊர் திரும்பிய பிறகென்றாலும்.

நான்காம் நாள், செவ்வாய்

மழை. ஒரு வாரத்தில் இப்படி ஒரு நாளாவது வராமல் இருக்காது. இரண்டு வந்தாலும் ஆச்சரியமில்லை. வெளியே போய் நனைந்து எரிச்சலோடு திரும்புவதைவிட இதைச் சமையல் நாளாக வைத்துக்கொள்ளலாம்.

முதலில் அடுப்பு. இண்டக்ஷனா, சூடேறும் கண்ணாடி அடுப்பா என்று புக் செய்யும் முன்பே கேளுங்கள். இண்டக்ஷனில் அலுமினியக் குக்கரும் வாணலியும் சூடாகவே ஆகாது. ஃப்ரிட்ஜ் காந்தத்தைப் பாத்திரத்தின் அடியில் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் கொண்டுவரலாம். கண்ணாடி அடுப்பில் அலுமினியம் நடக்கும், ஆனால் குழிந்த அடி வாணலி நடக்காது. தட்டையான அடி வேண்டும். அதில் குக்கர் வைத்தால் இன்னொரு சங்கதி: மூன்றாவது விசிலில் சுவிட்சை அணைத்தாலும் தட்டு சிவந்தே இருக்கும், ஐந்தாவது விசிலும் வரும், பருப்பு குழையும். அணைத்ததும் குக்கரைப் பக்கத்துத் தட்டுக்கு நகர்த்திவிடுங்கள்.

அடுத்தது தாளிப்பு. இது சிரிப்புக்குச் சொல்வதல்ல. ஸ்காட்லாந்தில் 2022 பிப்ரவரியிலிருந்து வீட்டின் தீ எச்சரிக்கைக் கருவிகள் எல்லாம் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும். ஒன்று அலறினால் எல்லா அறையிலும் அலறும். அடுப்படிக்குள் இருப்பது வெப்பத்தை உணரும் கருவி, அதை மிளகாய்ப் புகை சீண்டாது. ஹாலிலும் நடையிலும் இருப்பதுதான் புகையை உணர்வது. பல வீடுகளில் அடுப்படியும் ஹாலும் ஒரே இடம். கடுகு வெடித்து, காய்ந்த மிளகாய் கறுக்கும் அந்த நொடியில் வீடே கத்தும், தூங்கும் குழந்தை எழும்.

வழி என்னவென்றால், அடுப்புக்கு மேலுள்ள விசிறியைத் தாளிக்க ஐந்து நிமிடம் முன்பே போடுங்கள். ஆனால் அதையே நம்பாதீர்கள்; பல வீடுகளில் அது புகையை வெளியே தள்ளாமல் வடிகட்டி உள்ளேயே விடும் வகை. ஜன்னலைத் திறந்து, கதவு இருந்தால் மூடுங்கள். எண்ணெய் புகையும் அளவு காயவேண்டாம். நடுத்தரச் சூட்டில் கடுகு பொரியட்டும், மிளகாயும் பெருங்காயமும் அடுப்பை அணைத்த பிறகு அந்தச் சூட்டிலேயே. அப்படியும் அலறினால் கருவியின் நடுப் பொத்தானை அழுத்தினால் சற்று நேரம் அடங்கும். துணி கட்டி மூடுவதும் கழற்றி வைப்பதும் வேண்டாம், எல்லார் உயிரும் அதில் இருக்கிறது.

இட்லி மாவுக்கு வருவோம். அரைத்து மேசைமேல் வைத்தால் 17 டிகிரி வீட்டில் மறுநாள் மதியமும் அப்படியே கிடக்கும். சனிக்கிழமை பார்த்தோமே, வெந்நீர்த் தொட்டி நிற்கும் அலமாரி, அதுதான் இடம். தொட்டியின் வெதுவெதுப்பில் அலமாரிக்குள் நம் ஊர் மார்கழி இரவு அளவுக்காவது சூடு இருக்கும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாமல், அடியில் ஒரு பழைய துண்டு விரித்து, தட்டு போட்டு மூடி வையுங்கள். 12 முதல் 14 மணி நேரத்தில் பொங்கிவிடும். அங்கே வைத்திருப்பது வீட்டின் படுக்கை விரிப்புகள் என்பதால் துண்டு முக்கியம். தொட்டியில்லாத வீடு என்றால் ஓவனை 50 டிகிரியில் இரண்டே நிமிடம் போட்டு அணைத்து, மாவை உள்ளே வைத்து மூடுங்கள். ஓவன் திருகில் 'மாவு உள்ளே' என்று ஒரு சீட்டு ஒட்டிவையுங்கள். இல்லையென்றால் காலையில் யாராவது பிரெட் சூடாக்கப் போடுவார்கள்.

மிக்ஸியின் வோல்டேஜ் பிரச்சினை இல்லை, இங்கும் 230 தான். மூன்று சதுரக் கம்பி பிளக்குக்கு அடாப்டர் மட்டும் போதும்.

மாலையில், அறையைச் சூடாக்கும் விறகு அடுப்பு. இதில் எல்லாரும் காகிதத்தைக் கொளுத்திப் பெரிய கட்டையைத் திணித்து, புகை அறைக்குள் வந்து கண்ணெரிவார்கள். தலைகீழாக அடுக்க வேண்டும். முதலில் காற்றுத் திறப்புகளை முழுக்கத் திறங்கள். அடியில் இரண்டு நடுத்தரக் கட்டைகளை இடைவெளி விட்டு வையுங்கள். மேலே எட்டுப் பத்துச் சுள்ளிகளைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு மூன்று அடுக்கு. உச்சியில் தீமூட்டும் கட்டி ஒன்று. கொளுத்தியதும் கதவை ஒரு விரல் அளவு திறந்து ஐந்து நிமிடம் விட்டால் புகைபோக்கி சூடாகி இழுக்க ஆரம்பிக்கும். கட்டையில் தீ பிடித்த பிறகு கதவை மூடி, கீழ்த் திறப்பை அடைத்து, மேல் திறப்பில் எரியவிடுங்கள். கதவுக் கண்ணாடி கறுத்தால் விறகு ஈரம், அல்லது காற்றை அளவுக்கு மீறி அடைத்திருக்கிறீர்கள். கடற்கரையில் பொறுக்கிய கட்டையைப் போடவே கூடாது. அதிலுள்ள உப்பு இரும்பை அரிக்கும், புகையும் கெடுதல். இரவு முழுக்கக் கனியட்டும் என்று காற்றை முழுதாக மூடினால் புகைபோக்கியில் தார் படியும், ஒரு நாள் அது பற்றிக்கொள்ளும். சாம்பலை மறுநாள் இரும்பு வாளியில்தான் அள்ள வேண்டும். ஆறிவிட்டது என்று கண் சொல்லும், உள்ளே கங்கு இருக்கும். அறையில் கார்பன் மோனாக்ஸைடு நச்சுவாயுவுக்கான எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தீக்குச்சியைத் தொட வேண்டும்.

நனைந்த காலணிக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, இரண்டு மணிக்கு ஒருமுறை மாற்றுங்கள். அடுப்புமேல் வைத்தால் பசை விட்டு அடி பிரியும்.

ஐந்தாம் நாள், புதன்

மேற்குப் பக்கம். காலையிலேயே கிளம்பினால் டன்வேகன் கோட்டை, பவளக் கடற்கரை, நீஸ்ட் பாயின்ட் மூன்றும் ஒரே நாளில் முடியும். மக்லியோட் குலத்தின் கோட்டை ஏப்ரல் முதல் அக்டோபர் நடுவரைதான் திறந்திருக்கும். கோட்டையைத் தாண்டி கிளேகனில் காரை விட்டு ஒரு மைல் நடந்தால் வெள்ளைக் கடற்கரை. பவளம் என்று பெயர்தானே தவிர அது பவளமே இல்லை; சுண்ணாம்பு ஏறிய கடற்பாசி வெயிலில் வெளுத்து உடைந்தது. வெறுங்காலில் குத்தும். கடல் ஏறியிருக்கும்போது கடற்கரை ஒரு நாடா அளவுக்குச் சுருங்கிவிடும் என்பதால் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கை இங்கேயும் போடுங்கள்.

நீஸ்ட் பாயின்ட் தீவின் மேற்கு முனை, கலங்கரை விளக்கம் 1909-இல் கட்டியது. செங்குத்தான சிமென்ட் படியில் இறங்குவது சுலபம், மொத்த ஏற்றமும் திரும்பும்போதுதான். தாத்தா பாட்டியை மேலேயே நிறுத்திவிடுங்கள், காட்சி அங்கிருந்துதான் அழகு.

இங்கே காற்று கார்க் கதவைப் பிடுங்கும். பின்னாலிருந்து அடிக்கும் காற்றில் கதவைத் திறந்தால் கையைவிட்டு விரிந்து கீல் வளைந்துவிடும். வாடகைக் காரில் அதற்கு ஆகும் தொகை ஒரு நாள் வீட்டு வாடகையைத் தாண்டும். காரின் மூக்கு காற்றைப் பார்த்து நிற்க வேண்டும், அப்போது காற்று கதவை மூடத்தான் தள்ளும். ஒரு நேரத்தில் ஒரு கதவு மட்டும். குழந்தைகள் தாங்களாகத் திறக்காதபடி பூட்டுப் போட்டு வையுங்கள்.

ஆறாம் நாள், வியாழன்

எல்கோலில் படகேறி கொரூஸ்க் ஏரிக்குப் போவதா, ஃபேரி பூல்ஸ் நீர்க்குளங்களா என்றால் ஸ்டாஃபினிலிருந்து ஒரு நாளில் ஒன்றுதான். இரண்டையும் நுழைத்தால் நாள் முழுக்கக் காரில்தான். என் ஓட்டு எல்கோலுக்கு. கூலின் மலைகளைக் கடலிலிருந்து பார்ப்பது வேறு, வழியில் சீல் என்ற கடல்நாய்களும் கண்ணில் படும். படகை முன்பே புக் செய்யுங்கள். பிராட்ஃபோர்டிலிருந்து எல்கோல் வரும் 14 மைலும் ஒற்றைத் தடம், ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். குளங்களுக்குப் போவதானால் பலத்த மழைக்கு மறுநாள் வேண்டாம், ஓடை கிடுகிடுவென்று ஏறும்.

மாலையில் காற்று நின்றது. காற்று நின்றால் மிட்ஜ் என்ற கடிக்கும் பூச்சி வரும். மே கடைசி முதல் செப்டம்பர் வரை இதுதான் ஸ்கையின் உண்மையான ஆட்சி. கொசுவைவிடப் பொடிசு, ஆயிரக்கணக்கில் வரும், கொசு வலையின் ஓட்டை வழியே நுழையும். காற்று மணிக்கு ஏழு மைலைத் தாண்டினால் அதனால் பறக்க முடியாது. அதனால் வானிலை அறிக்கையில் மழையைவிட முதலில் காற்று எண்ணைப் பாருங்கள். அதிகாலையும் அந்தியும் மேகமூட்டமும் அதற்குக் கொண்டாட்டம். பளிச் வெயிலில் ஒளிந்துகொள்ளும். கறுப்பு, கருநீல உடையைத் தேடி வரும், வெளிர் உடை நல்லது. முகவலை ஆளுக்கு ஒன்று, தீவுக் கடைகளிலேயே கிடைக்கும். இரவில் விளக்கைப் போட்டுக்கொண்டு ஜன்னலைத் திறந்தால் பத்து நிமிடத்தில் சுவர் புள்ளி புள்ளியாகிவிடும்.

ஜூனில் இருட்டுவதே பதினோரு மணிக்கு மேல். காலை நான்கரைக்குச் சூரியன் வந்துவிடும். குழந்தைகள் அறையில் திரைச்சீலை இடுக்கு வழியே வரும் வெளிச்சத்துக்கு நான்கு துணிக் கிளிப் போதும்.

ஏழாம் நாள், வெள்ளி

காலையில் க்விராங். ஸ்டாஃபினிலிருந்து யூயிக் போகும் மலைச் சாலையின் உச்சியில் பார்க்கிங். மலைச்சரிவு இன்றும் மெல்ல நகர்ந்துகொண்டிருப்பதால் ஃப்ளோடிகரி பக்கம் தார்ச்சாலையை அடிக்கடி சீர்செய்கிறார்கள். முழுச் சுற்று ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர். சின்னக் குழந்தைகள் இருந்தால் 'சிறைச்சாலை' என்று சொல்லும் பாறைக் குன்று வரை போய் அதே வழியில் திரும்புங்கள். பாதை ஒடுங்கி ஒரு பக்கம் சரிவாக இருக்கும், குழந்தை மலைப்பக்கம் நடக்கட்டும்.

பிற்பகலில் எல்லாரும் ஒரே நேரத்தில் துணி துவைத்து, குளித்து, பாத்திரம் கழுவுவார்கள். வாரக் கடைசியில் செப்டிக் டேங்க் மக்கர் செய்வது இதனால்தான். டேங்கில் கழிவைச் செரிப்பது பாக்டீரியா. பிளீச் ஊற்றினால் அது செத்துவிடும், ஈரத்துடைப்பான் தாள் மக்காமல் குழாயை அடைக்கும், பொரித்த எண்ணெயைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றினால் குளிரில் நெய்போல உறைந்து ஒட்டும். வாரம் முழுக்க எண்ணெயை ஒரு காலி டப்பாவில் சேர்த்துக் குப்பையில் போடுங்கள், தட்டைத் தாளால் துடைத்த பிறகு கழுவுங்கள். கழிப்பறையில் 'களக் களக்' என்று சத்தம், ஷவர் தண்ணீர் இறங்காமல் தேங்குவது, இவை முன்னறிகுறி. அப்போது வாஷிங் மெஷினை நிறுத்திவிட்டு வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டும். கடைசி நாளில் ஒரு லோடுக்கு மேல் போடாதீர்கள்.

எட்டாம் நாள், சனி

பத்து மணிக்கு வெளியேற ஏழு மணிக்கு எழ வேண்டும். ஃப்ரிட்ஜ், சாம்பல், குப்பை, இந்த வரிசையில். குப்பைப் பையை வெளியே தரையில் வைத்தால் கடற்காகம் கிழித்துச் சாலை முழுக்கப் பரப்பும். மூடியுள்ள தொட்டியில்தான், காற்று நாளில் மூடிமேல் ஒரு கல். வெந்நீர்த் தொட்டி அலமாரியில் மாவுப் பாத்திரம் இருக்கிறதா என்று ஒருமுறை திறந்து பாருங்கள். மறந்துபோவது எப்போதும் அதுதான்.

வந்த வழியே பாலம் போகலாம். கிளாஸ்கோ பக்கம் போகிறவர்கள் தெற்கே ஆர்மடேலிலிருந்து மலேய்க்குக் கார்ப் படகில் போகலாம். ஸ்டாஃபினிலிருந்து ஆர்மடேல் போய்ச் சேர இரண்டு மணி நேரம் என்று கணக்கு வைத்து, ஒரு மணிக்குப் பிந்தைய படகாக எடுங்கள். பலத்த காற்றில் படகு ரத்தாவது உண்டு. அப்போது பிராட்ஃபோர்டு பக்கம் வரை திரும்பி வந்து பாலம் வழியே போக வேண்டும். அதனால் படகு நிறுவனமான கல்மாக்கின் அறிவிப்பை வீட்டிலேயே, வைஃபை இருக்கும்போதே பார்த்துவிடுங்கள். பாதி வழியில் சிக்னல் கிடைக்காது.